வானிலை எச்சரிக்கையை எப்படிப் படிப்பது? இடிமழை ஒரு கணக்கு, வெள்ளம் இன்னொரு கணக்கு

ஐப்பசி பிறந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பிக்கும்: “நாளை ரெட் அலர்ட், யாரும் வெளியே வராதீர்கள்.” மறுநாள் வெயில் அடித்தால், “இவங்க சொன்னா மழையே வராது” என்று வானிலை ஆய்வு மையத்தின் மேல் கோபம் வரும். இன்னொரு நாள், எந்தப் பரபரப்பும் இல்லாமல் மாலை நாலு மணிக்கு வானம் கறுத்துக் கொட்டித் தீர்க்கும். அரை மணி நேரத்தில் சுரங்கப்பாதை நிரம்பிவிடும். அன்றைக்கும் அதே கோபம்தான். இரண்டுக்கும் காரணம் ஒன்று. எச்சரிக்கை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது நம்மில் பலருக்குச் சரியாக வந்து சேரவில்லை.

வானிலை எச்சரிக்கை என்பது ஒரு வட்டாரத்துக்கு இருக்கும் ஆபத்தின் அளவு. உங்கள் தெருவில் மழை பெய்யுமா என்ற கேள்விக்கு அது பதில் இல்லை. அதோடு, இடிமழையும் வெள்ளமும் ஒரே அறிக்கையில் பக்கத்துப் பக்கத்தில் வந்தாலும் அவை வரும் வேகம் வேறு, வரும் திசை வேறு. ஒன்று தலைக்கு மேலே உருவாகி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துபோகும். மற்றது எங்கோ பெய்த மழையாகப் புறப்பட்டு, நம் ஊரில் வானம் வெளுத்த பிறகு வந்து சேரும். இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே வரும் நாட்களுக்கான அறிக்கை பாதி புரிந்துவிடும்.

## இடிமேகம் எப்படிப் பிறக்கிறது?

அடுப்பில் உலை வைத்திருக்கிறோம். இன்னும் சில நிமிடங்களில் கொதிக்கும் என்பது தெரியும். தீயின் அளவையும் தண்ணீரின் அளவையும் பார்த்து, எப்போது கொதிக்கும் என்றுகூட ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். ஆனால் முதல் குமிழி பாத்திரத்தின் எந்த இடத்தில் எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. இடிமேகமும் அப்படித்தான். இன்று மாலை இந்த மாவட்டத்தில் இடிமழைக்கு ஏற்ற சூழல் இருக்கிறது என்று காலையிலேயே சொல்லலாம். முதல் மேகம் எந்த ஊருக்கு மேலே எழும்பும் என்று சொல்ல முடியாது.

அந்தச் சூழல் என்ன என்று பார்ப்போம். வெயிலில் தரை சூடாகிறது, தரையை ஒட்டிய காற்றும் சூடாகிறது. சூடான காற்று எடை குறைந்து மேலே எழும்பும். இதைத்தான் வெப்பச்சலனம் என்கிறோம். மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது, அதிலிருக்கும் நீராவி சிறு துளிகளாக மாறுகிறது. முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஆவி நீராக மாறும்போது வெப்பத்தை வெளியே விடும். அந்த வெப்பம் சுற்றியிருக்கும் காற்றை மறுபடி சூடாக்கி, இன்னும் மேலே தள்ளும். இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். மேகம் தன் எரிபொருளைத் தானே சுமந்துகொண்டு வளர்வதற்கு இதுதான் காரணம். நம் பக்கத்து வெப்பமண்டலத்தில் ஓர் இடிமேகம் 15 கிலோமீட்டர் உயரத்தையும் தொடும்.

ஆக மூன்று தேவை: காற்றில் ஈரம், கீழே சூடும் மேலே குளிருமான அடுக்கு, காற்றை முதலில் தூக்கிவிட ஓர் உந்தல். அந்த உந்தல் ஒரு மலைச்சரிவாக இருக்கலாம். சென்னையில் பல நாள் அது கடற்காற்றாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும், மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து நுழையும் ஈரமான கடற்காற்றும் மோதும் இடத்தில் காற்று மேலே எழும்பும். மாலையில் புறநகர்ப் பக்கம் இடி இடிப்பதும், சில நாள் நகரத்துக்குள் ஒரு சொட்டுகூட விழாமல் போவதும் இதனால்தான்.

மேகத்தின் மேல்பகுதி உறைநிலைக்கும் கீழே இருக்கும். அங்கே சிறு பனித்துகள்களும் கொஞ்சம் கனமான பனிக்கட்டித் துகள்களும் மோதிக்கொண்டே இருக்கின்றன. மோதலில் மின்னூட்டம் பிரிகிறது. இலேசான துகள்கள் ஒருவகை மின்னூட்டத்தோடு மேலே போக, கனமானவை எதிர்வகை மின்னூட்டத்தோடு கீழே தங்குகின்றன. இந்த வேறுபாடு ஓர் எல்லையைத் தாண்டும்போது காற்றைக் கிழித்துக்கொண்டு மின்சாரம் பாய்கிறது. அதுதான் மின்னல். அது பாயும் வழியில் காற்று சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி வெடிப்பது போல் விரிகிறது. அந்தச் சத்தம்தான் இடி.

அப்புறம் மழை. கனத்துவிட்ட துளிகள் விழும்போது குளிர்ந்த காற்றையும் கீழே இழுத்து வருகின்றன. அந்தக் காற்று தரையில் மோதி நாலா பக்கமும் பரவும். மழைக்கு முன்னால் ஜில்லென்று ஒரு காற்று வந்து கதவை அடிக்கிறதே, அது இதுதான். தகரக் கூரையைப் பிய்ப்பதும், விளம்பரப் பலகையைச் சாய்ப்பதும், மரக்கிளையை மின்கம்பியின் மேல் போடுவதும் பெரும்பாலும் இந்த இறங்கு காற்றின் வேலை. மேலெழும் சூடான காற்றை அது வெட்டிவிடுவதால், தனியான ஓர் இடிமேகம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். ஆனால் பரவிப்போகும் அதே குளிர்ந்த காற்று, பக்கத்தில் இருக்கும் சூடான காற்றைத் தூக்கி அடுத்த மேகத்தைப் பிறப்பிக்கலாம். புதிது புதிதாகப் பிறக்கும் மேகங்கள் வரிசையாக ஒரே ஊரின் மேல் வந்து சேர்ந்தால், சாதாரண மாலை மழை பெருமழையாக மாறும்.

இதுவரை: இடிமழைக்கான சூழலை முன்கூட்டியே சொல்லலாம், இடத்தைச் சொல்ல முடியாது. ஒரு மேகத்தின் ஆயுள் குறைவு. ஒரே இடத்தில் அடுத்தடுத்து மேகங்கள் வரும்போதுதான் வெள்ளத்தின் கவலை ஆரம்பிக்கிறது.

## ஐந்து நாள் முன்பு ஒன்று, மூன்று மணி நேரம் முன்பு ஒன்று

வங்கக்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு பல நூறு கிலோமீட்டர் அகலம் கொண்டது. பல நாள் உயிரோடு இருக்கும். ஆகவே அது எந்தப் பக்கம் நகரும், எந்த மாவட்டங்களுக்கு மழை கொடுக்கும் என்பதைச் சில நாட்கள் முன்பே ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். இடிமேகத்தின் அகலமோ சில கிலோமீட்டர்தான். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. இந்தியா 2025 மே மாதம் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த மாதிரியில் ஒரு கட்டம் 6 கிலோமீட்டர். அதற்கு முன் 12 கிலோமீட்டர். ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும் மேகத்தை அந்தக் கணக்கு எப்படித் துல்லியமாகப் பார்க்கும்?

அதனால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒன்றுக்கு மேற்பட்ட அறிக்கை தருகிறது. ஐந்து நாட்களுக்கான மாவட்ட எச்சரிக்கை ஒன்று. அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி அறிவிப்பு இன்னொன்று. “அடுத்த 3 மணி நேரத்தில் இந்த மாவட்டங்களில் இடி மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு” என்று தொலைக்காட்சியில் கீழே ஓடுகிறதே, அதுதான் இது. மேகம் பிறந்த பிறகு டாப்ளர் ரேடாரில் பார்த்துச் சொல்வது. ரேடார் அனுப்பும் அலை மழைத்துளிகளில் பட்டுத் திரும்புவதை வைத்து மழை எங்கே இருக்கிறது, எவ்வளவு வலுவாக இருக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவி அது. சென்னையிலும் காரைக்காலிலும் இந்த ரேடார் இருக்கிறது.

இடிமழையைப் பொறுத்தவரை, என் பார்வையில், சாமானியருக்கு அதிகம் பயன்படுவது இந்த மூன்று மணி நேர அறிவிப்புதான். ஆனால் பலரும் அதைக் கவனிப்பதில்லை. நாலு நாள் கழித்து வரப்போவதாகச் சொல்லப்படும் பெரிய மழையைப் பற்றியே பேச்சு. இன்று மாலை வயலில் நிற்பவருக்கு இருக்கும் மின்னல் ஆபத்து யார் கண்ணிலும் படுவதில்லை.

முன்னறிவிப்பு தவறும் நாட்களும் உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் பிற்பகலில் பிடித்த மழை, சில மணி நேரத்தில் நகரத்தையே முடக்கியது. சிவப்பு எச்சரிக்கை அன்று மாலைதான் வந்தது. மின்சாரம் பாய்ந்து உயிர்களும் போயின. சிறிய பரப்பில் குறுகிய நேரத்தில் கொட்டும் மழை, இன்றுவரை வானிலை அறிவியலுக்கே கடினமான இடம். அதைத் தெரிந்துகொண்டால், எச்சரிக்கை இல்லாத நாளில் வானம் கறுக்கும்போதும் கவனமாக இருப்போம்.

## அறிக்கையின் ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம்

“கடலோர மாவட்டங்களில் அநேக இடங்களிலும், உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களிலும் இடி மின்னலுடன் கூடிய மிதமான மழை பெய்யக்கூடும். ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்புள்ளது.” இப்படி ஒரு வரியைப் பலமுறை கேட்டிருப்போம். வழக்கமான பல்லவி மாதிரி காதில் விழுந்து போய்விடும். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு இருக்கிறது.

முதலில் இடம். அந்த வட்டாரத்தில் இருக்கும் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவாகலாம் என்றால் “ஓரிரு இடங்கள்”. கால் பங்குக்கு மேல் பாதி வரை என்றால் “சில இடங்கள்”. பாதியிலிருந்து முக்கால் வரை “பல இடங்கள்” அல்லது “அநேக இடங்கள்”. அதற்கும் மேல் போனால் “பெரும்பாலான இடங்கள்”. ஆகவே “ஓரிரு இடங்களில் கனமழை” என்று அறிக்கை வந்து, மாவட்டத்தில் ஒரே ஓர் ஊரில் பத்து சென்டிமீட்டர் பெய்து மற்ற எல்லா ஊரும் காய்ந்து கிடந்தால், அறிக்கை சொன்னது சரியாக நடந்திருக்கிறது.

அடுத்தது அளவு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை. 115.6 மில்லிமீட்டரைத் தொட்டால் மிக கனமழை. 204.4 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை. பேச்சு வழக்கில் ஆறரை, பதினொன்றரை, இருபது சென்டிமீட்டர் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். கனமழைக்குக் கீழே, 15.6 மில்லிமீட்டரிலிருந்து மிதமான மழை.

இந்த 24 மணி நேரம் நள்ளிரவில் ஆரம்பிப்பதில்லை. காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை. நேற்று மாலை பெய்த மழை இன்றைய செய்தியில்தான் பதிவாகும். ஒரு தேதிக்கான எச்சரிக்கை மறுநாள் காலை வரை நீளும். “16-ஆம் தேதிக்கு எச்சரிக்கை சொன்னாங்க, 17-ஆம் தேதி விடியற்காலையில்தான் பெய்தது” என்று குறை சொல்வதில் பாதி இந்தக் கணக்கு தெரியாததால் வருவது.

24 மணி நேர அளவு ஒரு விஷயத்தை மறைத்துவிடும். ஏழு சென்டிமீட்டர் மழை நாள் முழுக்க நின்று நிதானமாகப் பெய்தால் வயலுக்கு நல்லது. அதே ஏழு சென்டிமீட்டர் ஒரு மணி நேரத்தில் கொட்டினால் எந்த நகரத்தின் வடிகாலும் திணறும். பட்டியலில் இரண்டுக்கும் ஒரே எண்தான். சரி, “மேக வெடிப்பு” என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். கொஞ்சம் பலமாகப் பெய்தாலே செய்திகளில் அதைப் போடுகிறார்கள். இந்திய வானிலைத் துறையின் கணக்கில், 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால்தான் அது மேக வெடிப்பு. மேகம் எதுவும் வெடிப்பதில்லை.

## நிறம் எதைக் காட்டுகிறது?

பச்சை: எச்சரிக்கை எதுவும் இல்லை. மஞ்சள்: கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு: தயாராக இருங்கள். சிவப்பு: உடனே நடவடிக்கை எடுங்கள். நிறத்தை முடிவு செய்வது இரண்டு விஷயம். அந்த வானிலை வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பது ஒன்று, வந்தால் எவ்வளவு பாதிப்பு என்பது மற்றொன்று. மழையில் பொதுவாகக் கனமழைக்கு மஞ்சள், மிக கனமழைக்கு ஆரஞ்சு, அதி கனமழைக்குச் சிவப்பு என்று பார்க்கிறோம். ஆனால் நிறம் வெறும் சென்டிமீட்டர் கணக்கு இல்லை. நான்கு நாள் தள்ளி இருக்கும் ஒரு மழைக்கு இன்று மஞ்சள் இருந்து, நம்பிக்கை கூடக் கூட அது ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் மாறலாம். நிறம் மாறுவதை “மாத்தி மாத்திச் சொல்றாங்க” என்று எடுத்துக்கொள்வது தவறு. புதிய தகவல் வந்தபோது கணிப்பைத் திருத்துவதுதான் நேர்மையான வேலை. அதனால் இரண்டு நாள் பழைய படத்தை யாராவது அனுப்பினால், முதலில் அதிலிருக்கும் தேதியையும் நேரத்தையும் பாருங்கள்.

வாய்ப்பு என்ற சொல்லும் பலரைக் குழப்புகிறது. 40 சதவீத வாய்ப்பு என்றால், இதே மாதிரியான சூழல் பத்து நாள் அமைந்தால் அதில் நாலு நாள் மழை பெய்யும், ஆறு நாள் பெய்யாது. பெய்யாத நாளைப் பார்த்துக் கணிப்பு பொய் என்று சொல்ல முடியாது.

மஞ்சளை அலட்சியமாகப் பார்க்க வேண்டாம். இடி மின்னலுக்கான எச்சரிக்கை பல நாள் மஞ்சளில்தான் வரும். வட்டாரம் முழுமைக்கும் பாதிப்பு குறைவு என்பதால் அந்த நிறம். மின்னல் விழும் இடத்தில் நிற்பவருக்கு நிறத்தால் எந்த வித்தியாசமும் இல்லை.

சுருக்கமாக: இடத்தைச் சொல்லும் சொல், அளவைச் சொல்லும் சொல், காலை 8.30 கணக்கு, நிறம். இந்த நான்கையும் சேர்த்துப் படித்தால்தான் அறிக்கை முழுமையாகும்.

## வெள்ளம் ஏன் வேறு கணக்கு?

மழை அளவு மட்டும் வெள்ளத்தைத் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு பெய்தது, எவ்வளவு நேரத்தில் பெய்தது, மண் ஏற்கெனவே எவ்வளவு நனைந்திருந்தது, ஏரிகளில் எவ்வளவு இடம் மிச்சம் இருந்தது, தண்ணீர் வெளியேற வழி இருந்ததா என்று பல கேள்விகள் இருக்கின்றன.

அளவைக் கண்ணால் பார்ப்பதுபோல் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 சென்டிமீட்டர் பெய்தால் சுமார் 9,300 லிட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அங்கே முழுக்க 10 சென்டிமீட்டர் பெய்தால் சேரும் தண்ணீர் சுமார் ஒன்றரை டி.எம்.சி. டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். கிட்டத்தட்ட அரை ஏரித் தண்ணீர் ஒரே நாளில் தெருக்களின் மேல் விழுகிறது. மண் இருந்தால் ஒரு பகுதியைக் குடிக்கும். சிமென்டும் தாரும் குடிக்காது.

2015 டிசம்பர் 1-2 இரவைச் சென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. ஆனால் கதை அந்த இரவில் ஆரம்பிக்கவில்லை. நவம்பர் மாதத்திலேயே சென்னையில் நூறு சென்டிமீட்டருக்கு மேல் பெய்திருந்தது. மண் இனிமேல் ஒரு சொட்டும் ஏற்காத நிலை, ஏரிகள் ததும்பிய நிலை. அப்படி இருக்கும்போது பெய்வதில் பெரும்பகுதி அப்படியே ஓடத்தான் செய்யும். செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது என்பது அரசுக் கணக்கு. கன அடி என்று செய்தியில் சொல்வது ஒரு நொடிக்கான அளவு, அதாவது நொடிக்குச் சுமார் 28 லிட்டர். 29,000 கன அடி என்றால் நொடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கும் மேல். அதோடு தாம்பரம், முடிச்சூர் பக்கத்துச் சின்னச் சின்ன ஏரிகளின் உபரி நீரும் அடையாற்றில் கலந்தது. நம் ஊர் ஏரிகள் தனித்தனியானவை இல்லை. ஓர் ஏரி நிரம்பி, உபரி நீர் வழிவதற்காகக் கட்டிய கலங்கல் வழியாக மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. மேலே ஓர் ஏரியின் கரை உடைத்துக்கொண்டால் கீழே இருப்பவை வரிசையாகத் தாங்க வேண்டும். மறுகால் ஓடும் வாய்க்காலில் வீடு கட்டியிருந்தால், தண்ணீர் அந்த வீட்டுக்குள் வந்துதான் போகும்.

வெள்ளம் என்றாலே புயல் என்று நினைப்பதும் தவறு. 2023 டிசம்பர் 17-18இல் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்தது புயல் இல்லை, தாழ்வு மண்டலம்கூட இல்லை. குமரிக்கடல் பகுதியில் இருந்த வளிமண்டல மேலடுக்குச் சுழற்சிதான். அது, தரைமட்டத்துக்கு மேலே சில கிலோமீட்டர் உயரத்தில் காற்று சுழலும் அமைப்பு. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். அந்த மாவட்டத்தில் ஒரு முழு ஆண்டில் சராசரியாகப் பெய்வதைவிட அதிகம். திருச்செந்தூரில் இருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சுற்றிலும் தண்ணீரோடு நின்றுபோனது. தாழ்வு மண்டலம், புயல் என்ற பெயர்களெல்லாம் காற்றின் வேகத்தை வைத்துக் கொடுப்பவை. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல். மழையின் அளவுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. “புயல் வலுவிழந்துவிட்டது” என்று கேட்டதும் நிம்மதியாகிவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. பலரும் அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். ஆனால் வலுவிழந்த அதே அமைப்பு உள்ளே நகர்ந்து, கடலுக்கு வெகு தொலைவில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்தது. அந்தத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் வெளியேற, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கின. மழை பெய்த இடம் ஒன்று, வெள்ளம் சேர்ந்த இடம் வேறு. ஆற்றோரம் இருப்பவர்கள் சொந்த மாவட்டத்தின் அறிக்கையோடு, ஆறு வரும் வழியில் மேலே இருக்கும் மாவட்டத்தின் அறிக்கையையும் பார்க்க வேண்டும். கடலூர்க்காரருக்குக் கிருஷ்ணகிரியின் மழை முக்கியம்.

மலையோரத்தில் இந்த இடைவெளி மணிக்கணக்கில்கூட இருக்காது. குற்றாலத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்ற ஓடைகளிலும் மேலே பெய்த மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. தண்ணீர் திடீரென்று கலங்கலாக மாறினாலோ, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, மேலே பெய்கிறது என்று அர்த்தம். துணிமணியை எடுக்க நிற்காமல் அந்த நொடியே கரையேறிவிட வேண்டும்.

ஆற்று வெள்ளத்துக்கு அறிவிப்பு தருவது மத்திய நீர் ஆணையம். அவர்கள் ஆற்றின் ஒவ்வோர் அளவீட்டு இடத்துக்கும் எச்சரிக்கை மட்டம், அபாய மட்டம் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். மழை எச்சரிக்கை பச்சைக்குத் திரும்பிய பிறகும் ஆற்று மட்டம் ஏறிக்கொண்டே இருக்கலாம்.

இந்தப் பகுதியின் சாரம்: வெள்ளம் என்பது மழையோடு நனைந்த மண், நிறைந்த ஏரி, மேலிருந்து வரும் தண்ணீர் எல்லாம் சேர்ந்த கணக்கு. புயலின் பெயரும் வலுவும் அந்தக் கணக்கைச் சொல்லாது.

## மின்னலைப் பற்றிய தவறான நம்பிக்கைகள்

இந்தியாவில் மின்னல் தாக்கி ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். வயலில் வேலை செய்பவர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள், மரத்தடியில் ஒதுங்கியவர்கள்தான் இதில் அதிகம். மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவது நம் கை கால்களில் ஊறிப்போன பழக்கம். அதுதான் மிகவும் ஆபத்தானது. மரத்தில் இறங்கும் மின்சாரம் பக்கத்தில் நிற்பவர் மேலும் பாயும், வேரைச் சுற்றியுள்ள தரையிலும் பரவும்.

மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும் வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று தெரியும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்பதால் வரும் கணக்கு. முப்பது நொடிக்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உள்ளே போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு வெளியே வாருங்கள். மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று காத்திருக்க வேண்டாம். மழைக்கு வெளியேயும் மின்னல் விழும்.

ரப்பர் செருப்பு காப்பாற்றாது. பல கிலோமீட்டர் காற்றைக் கிழித்து வரும் மின்சாரத்துக்கு அரை அங்குல ரப்பர் ஒரு தடையே இல்லை. கண்ணாடி ஏற்றிய கார் பாதுகாப்பானதுதான். ஆனால் அதற்குக் காரணம் டயர் அல்ல, உங்களைச் சுற்றியிருக்கும் உலோகக் கூடு. செல்பேசி மின்னலை இழுக்கும் என்பதும் கட்டுக்கதை. திறந்தவெளியில் நிற்பதுதான் பிரச்சினை. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று தயங்கி நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சும் நாடித்துடிப்பும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் உயிர் திரும்பியவர்கள் உண்டு.

## வரும் நாட்களுக்கு எதை, எப்போது பார்க்க வேண்டும்?

நான்கைந்து நாள் முன்பு மாவட்ட எச்சரிக்கையைப் பார்த்தால், பயணத்தையும் அறுவடையையும் தள்ளிப்போடுவதா என்று யோசிக்கலாம். ஒரு நாள் முன்பு நிறம் எப்படி மாறியிருக்கிறது என்று பாருங்கள். ஆரஞ்சோ சிவப்போ என்றால் அன்றே குடிநீர், மருந்து, டார்ச், செல்பேசிக்குச் சார்ஜ், முக்கிய ஆவணங்களை உயரத்தில் வைப்பது என்று முடித்துவிட வேண்டும். அன்றைய தினம் மூன்று மணி நேர அறிவிப்பு. அதை ‘மௌசம்’ செயலியிலும், மின்னல் எங்கே விழுகிறது என்பதை ‘தாமினி’ செயலியிலும் பார்க்கலாம். ஆற்றோரமோ ஏரிக்குக் கீழேயோ இருப்பவர்கள், மழை நின்ற பிறகும் அணை திறப்பு அறிவிப்பையும் ஏரி நிலவரத்தையும் இன்னும் இரண்டு நாள் விடாமல் கவனிக்க வேண்டும்.

தண்ணீர் தேங்கிய சாலையில் ஆழத்தைக் கண்ணால் கணிக்க முடியாது. ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த ஒருவரைக் கீழே தள்ளிவிடும். 30 சென்டிமீட்டர் ஒரு சிறிய காரை நகர்த்திவிடும். சுரங்கப்பாதையில் முன்னால் போன வண்டி கடந்துவிட்டது என்பதை நம்பி இறங்காதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியோ, தண்ணீருக்குள் நிற்கும் மின்பெட்டியோ இருந்தால் சுற்றிப் போங்கள், மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

உதவி தேவைப்பட்டால் தமிழ்நாட்டில் மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்தின் எண் 1070, மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மின்சாரம் போய் செல்பேசியில் சார்ஜும் தீர்ந்த இரவில், பக்கத்து வீட்டுப் பேசியில் இருந்து அழைக்க அது உதவும்.